ஒத்த ஃபிளாஸ்க் அக்கா

அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் இதைவிடக் கேவலமான காரியங்களையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிறியதில் தொடங்கினால் எனக்கும் கொஞ்சம் பழகும்.

ஃபிளாஸ்க் என்றதும் டீ வாங்கிவரும் சமாச்சாரத்தை நினைக்க வேண்டாம். எங்கள் வைரஸ் ஆய்வகத்தில் ஃபிளாஸ்க் என்பது உள்ளங்கை அகலத்தில் படுக்கவைக்கிற ஒரு தட்டைப் பிளாஸ்டிக் புட்டி. அதன் அடித்தரையில் செல்கள் ஒட்டிக்கொண்டு வளரும். மேலே ரோஸ் நிறத்தில் ஊட்டத் தண்ணீர் நிற்கும், அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். கூட்டம் அதிகமானால் பாதியைப் பிரித்து வேறு ஃபிளாஸ்க்கில் குடிவைக்க வேண்டும். இந்த வேலையைத்தான் அக்கா பத்தொன்பது வருஷம் செய்தார். வேலை நடப்பது ஹூட் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள். அதற்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"ஒத்த ஃபிளாஸ்க்தான் தொறந்திருக்கணும். அதை மூடி, வெளிய வெச்சு, ஹூட்டைத் தொடைச்சுட்டு அப்புறம் அடுத்தது. ரெண்டு வீட்டுச் சாப்பாட்டை ஒரே கரண்டியில பரிமாறாதீங்க."

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறோம். டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் கேட்டிருக்கிறோம். வாங்கியவர்கள் கேண்டீனில் உட்கார்ந்து அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கவும் செய்தோம். 'ஒத்த ஃபிளாஸ்க்' என்று நான் சொன்னபோது மேசையே குலுங்கியது. மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை. "பேரு சரியாத்தானே இருக்கு" என்றார்.

அவர் உட்காரும் ஸ்டூலின் கால் ஒருமுறை கழன்றது. புது ஸ்டூலுக்கு எழுதிப்போட்டு எட்டு மாதம் காத்திருந்தார். கடைசியில் லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் ஒரு சனிக்கிழமை வந்து, லிஃப்டுக்குப் போடும் போல்ட் ஒன்றை முறுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது ஆடவே இல்லை. அக்காவைச் சுற்றி அந்தக் கட்டடத்தில் நிரந்தரமாக இருந்த ஒரே பொருள் அந்த ஸ்டூல்தான்.

ஏனென்றால் அக்கா தற்காலிகம். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகம். எங்கள் நிறுவனம் தற்காலிக ஊழியர்களைப் பதினோரு மாதத்துக்குத்தான் வேலைக்கு வைக்கும். பதினோரு மாதம் முடிந்ததும் ஒரே ஒரு நாள் வேலையிலிருந்து நீக்கிவிட்டு, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். பணி தொடர்ச்சியாக இருந்தால் நாளைக்கு நிரந்தரமாக்கு என்று உரிமை கொண்டாடுவார்கள் அல்லவா, அதற்கு முன்னெச்சரிக்கை. அந்த ஒரு நாள் அக்கா கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வருஷம் முழுக்க வணக்கம் சொல்லும் வாசல் காவலாளி அன்றைக்கு மட்டும் "யாரைப் பாக்கணும்?" என்று கேட்க வேண்டும், அது அவருக்கு உத்தரவு. இப்படி அக்கா இருபது தடவை செத்துப் பிழைத்தார்.

இருந்தாலும் ஒரு வழி இருந்தது. எங்கள் துறையில் ஒரு நிரந்தரப் பணியிடம் காலியாக இருந்தது. ஐம்பது வயதுக்குள் இருக்கும் தற்காலிக ஊழியருக்கு அதைக் கொடுக்கலாம். துறைத் தலைவர் 'தொடர்ச்சியான பணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், நடுவில் விழுந்த அந்த ஒற்றை நாள்களை யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். அக்காவுக்கு ஐம்பது முடிய அப்போது ஆறு மாதம் இருந்தது. எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கையெழுத்துப் போட வேண்டிய ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் புரதம். வாயைத் திறந்தால் புரதம், மூடினால்தான் மனிதர். அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் வைரஸ் உடம்புக்குள் எப்படித் தண்ணி காட்டுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் செல் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது. அந்நியச் சரக்கு உள்ளே வந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் காவல்காரர்கள் அதற்குள் உண்டு. அவர்கள் கண்டுபிடித்ததும் செல் இண்டர்ஃபெரான் என்ற ஒன்றைச் செய்து வெளியே விடும். அக்கம்பக்கத்து செல்களுக்கு அடிக்கும் அபாய மணி அது. 'என் கதை முடிஞ்சுது, நீங்க கதவைச் சாத்திக்குங்க' என்று அர்த்தம். சாகப்போகிற நேரத்திலும் பக்கத்து வீட்டுக்காரனுக்காக மணியடித்துவிட்டுச் சாகிற நல்ல குணம் நம் உடம்பில் செல் அளவில் இருக்கிறது. ஆள் அளவில் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

வைரஸ் இதற்கெல்லாம் அசருகிற ரகமா? அதுவும் தன் பங்குக்குப் புரதங்களைச் செய்து இறக்கும். ஒரு புரதம் போய் காவல்காரனின் மூக்கைப் பொத்தும். இன்னொன்று மணியின் நாக்கைக் கட்டிவிடும். செல்லுக்குத் தன் உள்ளே நடப்பதைத் துண்டு துண்டாக ஜன்னலில் வைத்துக் காட்டும் பழக்கம் உள்ளது, ரோந்து வரும் வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்துத்தான் சந்தேகப்படும். சில வைரஸ்களின் புரதம் அந்த ஜன்னலையே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னலே இல்லாத வீட்டைப் பார்த்தால் வேறொரு ரோந்துக்குச் சந்தேகம் வரும். அதனால் அதே வைரஸ் ஒரு பொம்மை ஜன்னலையும் செய்து மாட்டிவைக்கும். இன்னும் சில வைரஸ்கள் மணிச் சத்தத்தை வழியிலேயே உறிஞ்சிக்கொள்ளும் போலிக் காதுகளை வெளியே அனுப்பும். மணி அடித்தது அடித்ததுதான், யாருக்கும் கேட்காது.

இந்தக் கலையில் எங்கள் துறைத் தலைவரை மிஞ்ச ஒரு வைரஸ் இனிமேல்தான் பிறக்க வேண்டும். தன்னை நிரந்தரமாக்கச் சொல்லி அக்கா ஏழு மனு கொடுத்தார். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு துணைக்குழு அமைத்தார் தலைவர். மனு உள்ளே போகும், துணைக்குழு அதை உறிஞ்சிக்கொள்ளும், அத்தோடு சரி. இத்தனைக்கும் அவர் அக்காவிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எப்போது பார்த்தாலும் "உங்க ஃபைல் என் மேசையிலதாம்மா இருக்கு" என்பார். இருந்தது உண்மைதான். அதன் மேல் டீ டம்ளர் வைத்த வட்டங்களை நானே எண்ணியிருக்கிறேன்.

நான் அவருடைய வலது கை. மணியின் நாக்கைக் கட்டும் ஒரு வைரஸ் புரதத்தைத் தான் கண்டுபிடித்திருப்பதாக அவர் நம்பினார், அதை நிரூபிப்பது என் வேலை. வழி எளிது. மனித நுரையீரல் செல்களை இரண்டு ஃபிளாஸ்க்கில் வளர்ப்போம். ஒன்றுக்குள் அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீனை ஏற்றிவிடுவோம், இன்னொன்றைச் சும்மா விட்டுவிடுவோம். இரண்டிலும் ஒரு சாது வைரஸை விட்டு, எது எவ்வளவு இண்டர்ஃபெரான் செய்கிறது என்று அளப்போம். புரதம் உள்ள ஃபிளாஸ்க்கில் மணி அடிக்காவிட்டால் தலைவருக்கு ஜெயம்.

இதற்கு நடுவே ஆய்வகத்தில் மூன்றாவதாக ஒரு செல்லும் வளர்ந்துவந்தது, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வகை. உலகத்தில் பாதி ஆய்வகங்களில் வைரஸ் வளர்க்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் விசேஷம் என்னவென்றால், இண்டர்ஃபெரான் செய்யும் ஜீனை அந்த செல் வகை எப்போதோ தொலைத்துவிட்டது. அதனிடம் மணியே கிடையாது. அதனால்தான் வைரஸ் அதற்குள் மாமனார் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அக்கா இருபதாவது தடவை நீக்கப்பட்டிருந்த நாள். அவர் காலையில் வந்து வாசலில் நின்றே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

"தம்பி, இன்னைக்கு மூணு ஃபிளாஸ்க்குக்குத் தண்ணி மாத்தணும். குரங்கு செல்லைக் கடைசியா எடுங்க. அது ரொம்ப வேகமா வளருது."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன்."

சும்மா விட்ட நுரையீரல் செல்லை முதலில் எடுத்து, அக்கா பார்த்தால் மெச்சும்படி முடித்தேன். அதற்குள் தலைவர் கூப்பிட்டார். மூன்று மணிக்கு யாரோ வருகிறார்களாம், திரையில் காட்ட ஸ்லைடுகள் உடனே வேண்டுமாம். நான் மீதி இரண்டு ஃபிளாஸ்க்கையும் சேர்த்தே ஹூட்டுக்குள் வைத்தேன், இரண்டையும் சேர்த்தே திறந்தேன், தண்ணீர் உறிஞ்சி ஊற்றும் ஒரே பிப்பெட்டால் வேலையை முடித்தேன். மொத்தம் நாலு நிமிஷம் மிச்சம். ஹூட் பக்கத்தில் தொங்கும் ரெஜிஸ்டரில் தேதி போட்டு, 'மூன்று ஃபிளாஸ்க், ஊட்டத் தண்ணீர் மாற்றப்பட்டது' என்று எழுதி, என் பெயரையும் அழகாகப் போட்டுவிட்டு ஓடினேன். கையெழுத்துப் போடுவதில் மட்டும் எனக்கு ஒழுக்கம் அதிகம்.

மறுநாள் அக்கா புது ஊழியராக வந்து சேர்ந்தார். ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் புரதம் போட்ட செல்லை வந்து பாருங்க. இது நம்ம ஆளு இல்ல."

பார்த்தேன். எனக்கு செல்தான் தெரிந்தது. "நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கறதுதான் தப்பு. டைல்ஸ் ஒட்டின மாதிரி வரிசையா நிக்குது. நுரையீரல் செல் இப்படி நிக்காது. மூணு நாள் தாங்கற தண்ணி ஒண்ணரை நாள்ல மஞ்சளாயிடுது. இது குரங்கு கிட்னி மாதிரி இருக்கு."

இந்த இடத்தில் நான் அக்காவுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். வைரஸ் புரதம் உள்ளே போனால் செல்லின் உருவமே மாறும், வளர்ச்சி வேகம் மாறும், இதற்கு ஆதாரமாக இன்னின்ன கட்டுரைகள் இருக்கின்றன என்று பத்து நிமிஷம் வெளுத்துவாங்கினேன். படிப்பு ஏறிய முட்டாளிடம் இதுதான் வசதி, எந்தத் தப்புக்கும் அவனிடம் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கலாம் தம்பி" என்றார். பிறகு ரெஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. ரெஜிஸ்டரை மூடி மறுபடி தொங்கவிட்டார்.

நியாயமாக இது நடந்திருக்கவே கூடாது. ஜீன் ஏற்றிய செல்லை மட்டும் வாழவிட்டு, மற்றதைக் கொல்லும் மருந்து ஒன்றைத் தண்ணீரில் கலப்பது வழக்கம். அந்த மருந்து கொள்முதல் பிரிவில் ஏதோ கையெழுத்துக்காகக் காத்திருந்தது. "கொஞ்ச நாள் இல்லாம ஓட்டுங்க" என்றிருந்தார் தலைவர். ஓட்டினோம். அந்தக் கொஞ்ச நாளில் என் பிப்பெட்டில் ஒட்டிக்கொண்டு போன நாலைந்து குரங்கு செல்கள் குடும்பம் பெருக்கி, வீட்டுக்காரர்களை வெளியே தள்ளி, ஃபிளாஸ்க்கையே எழுதி வாங்கிக்கொண்டன.

பரிசோதனை செய்தோம். சும்மா விட்ட ஃபிளாஸ்க்கில் மணி கணகணவென்று அடித்தது. புரதம் போட்டதாக நாங்கள் நம்பிய ஃபிளாஸ்க்கில் சத்தமே இல்லை. பூஜ்ஜியம் என்றால் சுத்தப் பூஜ்ஜியம். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்தார். மணியே இல்லாத வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, மணியை அடக்கிவிட்டோம் என்று இரண்டு பேரும் ஆனந்தக் கண்ணீர் விட்டோம்.

செய்தி மேலே போனது. வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட மதிப்பீட்டுக் குழு வரும் என்று முடிவானது. குழு திருப்தியடைந்தால் திட்டம் ஐந்து வருஷம் நீளும். அந்தச் சூட்டோடு அக்காவின் ஃபைலிலும் கையெழுத்துப் போட்டுவிடுவதாகத் தலைவரே எல்லோர் முன்னாலும் சொன்னார். அக்காவுக்கு ஐம்பது முடிய அப்போது மூன்று மாதம்.

இதற்கிடையே அக்கா ஒரு காரியம் செய்தார். இண்டர்ஃபெரான் அளக்கும் தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள் உண்டு. நாங்கள் மூலையில் நான்கைச் சும்மா விடுவது வழக்கம். கடைசித் தட்டை நான் போடும்போது அக்கா ஒரு சிறு குழாயை நீட்டினார்.

"அந்த நாலு குழி சும்மாத்தானே கிடக்கு. இதை ஊத்துங்க. நம்ம பழைய குரங்கு செல்லு, புரதம் கிரதம் ஒண்ணும் போடாதது. அதே வைரஸைத்தான் விட்டிருக்கேன்."

ஊற்றினேன். மெஷின் காகிதத்தைத் துப்பியது. சும்மா விட்ட நுரையீரல் செல்லில் எண்கள் மலைபோல் இருந்தன. புரதம் போட்டதில் பூஜ்ஜியம். மூலையில் இருந்த நான்கிலும் அதே பூஜ்ஜியம். ரெஜிஸ்டரின் அந்தப் பக்கம் கண் முன்னால் வந்து நின்றது.

"பெரியவர்கிட்ட சொல்லிடலாமா தம்பி?" என்றார் அக்கா.

"நான் பக்குவமாச் சொல்றேன்க்கா" என்றேன்.

பக்குவமாக நான் செய்தது இதுதான்: குழுவுக்குக் காட்ட வேண்டிய வரைபடத்திலிருந்து அந்த நான்கு குழிகளை நைசாகக் கழற்றிவிட்டேன். வைரஸ் ஜன்னலை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொன்னேனே, அதற்கு என்னென்ன சாமர்த்தியம் வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். ஒன்றும் வேண்டாம். நான்கு கட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

நான் சொல்லப்போவதில்லை என்று அக்காவுக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது. அவரே தலைவரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஐயா, அந்த செல்லு மாறிப்போயிருக்கு. குரங்கு செல்லு கலந்திருக்குன்னு நினைக்கறேன். திருப்பிப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் குழுவைக் கூப்பிடலாங்களா?"

"உங்க அக்கறை எனக்குத் தெரியும்மா. இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு? உங்க ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. வியாழக்கிழமை அவங்க வந்துட்டுப் போகட்டும், வெள்ளிக்கிழமை முதல் கையெழுத்து உங்களுது."

மிரட்டல் என்று ஒரு சொல்லைக்கூட அதிலிருந்து எடுத்துக் காட்ட முடியாது. வேண்டுமானால் இன்னொரு துணைக்குழு போட்டுத் தேடிப் பார்க்கலாம்.

அக்காவின் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் கணவர் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். பேசாமல் இருந்துவிடு, வெள்ளிக்கிழமை வரைக்கும்தானே என்று அவரும்தான் கெஞ்சியிருக்கிறார். "அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா சார். 'லிஃப்ட் கயிறு நைஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுது, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆளை ஏத்துவீங்களா?'ன்னு. நான் போய்ப் படுத்துட்டேன்."

வியாழக்கிழமை குழு வந்தது. தலைமை தாங்கியவர் ஒரு மூத்த விஞ்ஞானி அம்மா, குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும் வைத்திருந்தார். தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். வரைபடம் திரையில் பளிச்சென்று நின்றது.

"நூத்துக்கு நூறு அடங்கிடுச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா. "எந்த வைரஸும் இவ்வளவு சுத்தமா வேலை செஞ்சு நான் பாத்ததில்லையே. செல்லைக் கொஞ்சம் பாக்கலாமா?"

எல்லோரும் ஹூட் அறைக்குப் போனோம். அக்கா ஃபிளாஸ்க்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"இது நுரையீரல் செல்தானா?"

"ஆமா மேடம், புரதம் போட்டதால உருவம் கொஞ்சம்..." என்று தலைவர் தொடங்கினார். நான் எடுத்த அதே வகுப்பு. என் உளறல் எவ்வளவு நன்றாகப் பரவியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்க. தினமும் பாக்கறவங்க நீங்கதானே."

அக்கா தலைவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஹூட்டின் பல்பைப் பார்த்தேன்.

"இல்லீங்க," என்றார் அக்கா. "இது குரங்கு கிட்னி செல்லு. இதுக்கு இண்டர்ஃபெரானே செய்யத் தெரியாதுங்க. கடைசித் தட்டுல மூலையில நாலு குழி போட்டிருக்கு, அதையும் வாங்கிப் பாருங்க."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஃபிளாஸ்க்ல குரங்கு செல் எப்படி வந்துச்சு? யார் கையாண்டது?"

இப்போதுகூட அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. வாயைத் திறந்து 'நான்தான்' என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. நான் சொன்னது: "ரெஜிஸ்டர் பாக்கணும் மேடம்."

வைரஸ்களிலேயே கெட்டிக்காரத்தனமானது எது தெரியுமா? மணியைக் கட்டுவதும் அல்ல, பொம்மை ஜன்னல் மாட்டுவதும் அல்ல. சில வைரஸ்கள் உள்ளே போய், ஏறக்குறைய எந்தப் புரதத்தையும் செய்யாமல் மூலையில் சுருண்டு படுத்துவிடும். காட்டிக்கொடுக்க ஒன்றுமே இருக்காது. வீட்டுக்காரன் சாகும்வரைக்கும் அவன் வீட்டிலேயே சௌகரியமாக இருந்துவிட்டுப் போகும்.

திட்டம் நின்றுபோனது. எங்கள் தலைவர் புரதத்துக்கு ஏதாவது ஆகும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் வைரஸைப் பற்றி இதுவரை நான் சொன்னது வீண். ஒரே மாதத்தில் அவர் வேஷத்தை மாற்றிக்கொண்டார். 'ஆய்வகங்களில் செல் கலப்பு: ஓர் எச்சரிக்கை' என்று ஒரு சொற்பொழிவு தயாரித்தார். ஊர் ஊராகக் கூப்பிட்டு மாலை போட்டார்கள்.

ஆனால் யார் தலையிலாவது கட்ட வேண்டுமே, ரெஜிஸ்டரை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. செல் வளர்ந்த வேகத்தை வைத்துக் குழு கணித்த தேதியில் செல் பராமரிப்பில் கவனக்குறைவு, ஏழு நாளில் விளக்கம் தரவும். அக்கா ரெஜிஸ்டரைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். என் கையெழுத்து அங்கே குத்துக்கல் மாதிரி நின்றது. அவர் அதைச் செய்யவில்லை. நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போய், அந்தத் தேதியில் தான் வேலையில் இல்லை என்று ஒரு சான்றிதழ் கேட்டார். எழுத்தர் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார். 'மேற்படி நாளில் மேற்படி நபர் இந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர்.' கீழே கையெழுத்து, அதன் மேல் சீல், பக்கத்தில் இன்னொரு சீல்.

மெமோ செத்தது. வேலையிலேயே இல்லாத ஆள் எப்படித் தப்புச் செய்ய முடியும்?

மூன்றாம் நாள் அந்தச் சான்றிதழின் நகல் போக வேண்டிய இடத்துக்கு, அதாவது தலைவரின் மேசையில் இருந்த ஃபைலுக்குள், போய்ச் சேர்ந்தது. தலைவர் அக்காவைக் கூப்பிட்டார். உண்மையிலேயே வருத்தப்படுகிற முகத்தோடு பேசினார்.

"நான் இப்ப 'தொடர்ச்சியான பணி'ன்னு எப்படிம்மா எழுதறது? நடுவுல வேலையில இல்லைன்னு நீங்களே ரெண்டு சீலோட ஃபைல்ல வெச்சுட்டீங்களே."

அக்கா ஹூட் அறைக்குத் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் போய் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கலாமே."

"காட்டினா உங்க வேலை போயிடும் தம்பி. என் மேல தப்பு இல்லைன்னு ஆனாப் போதும், யார் மேலயும் போட வேணாம்னு நெனச்சேன்." கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தக் காகிதம் இப்படித் திரும்பும்னு எனக்குத் தோணலை."

அழவில்லை. நான்தான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்போதும் சொல்லவில்லை. பதினோரு மாதம் முடிந்தபோது அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வழக்கம்போல ஒரு நாள் நீக்கினார்கள். மறுநாள் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

காலியாக இருந்த அந்தப் பணியிடம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இனிமேல் இப்படி நடக்கக் கூடாது என்று குழு பரிந்துரைத்ததால், அதையே 'செல் தரக் கட்டுப்பாட்டு அலுவலர்' என்று பெயர் மாற்றினார்கள். தகுதி, டாக்டர் பட்டம். நேர்காணலில் என்னை ஒரே ஒரு உருப்படியான கேள்வி கேட்டார்கள். செல் கலப்பைத் தடுக்க முதல் விதி என்ன?

"ஹூட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபிளாஸ்க்தான் திறந்திருக்க வேண்டும்" என்றேன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

அக்கா இப்போது ஆடுகளுக்குத் தடுப்பூசி செய்யும் ஓர் இடத்தில் அதே குரங்கு செல்லை வளர்க்கிறார். அங்கேயும் பதினோரு மாதம்தான். எனக்குச் சந்தேகம் வந்தால் மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் படமெடுத்து அலைபேசியில் அனுப்புவேன். 'நம்ம ஆளு' என்றோ 'நம்ம ஆளு இல்ல' என்றோ பதில் வரும். அதை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் விரித்து எழுதி என் பெயரைப் போட்டு மேலே அனுப்புவேன். எனக்கு வேலை கிடைத்த அன்று நானே கூப்பிட்டுச் சொன்னேன். "நல்லது தம்பி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த ரெஜிஸ்டர்ல பக்கம் கிக்கம் கிழிச்சுடாதீங்க. கணக்கு வரிசை தப்பிப் போயிடும்" என்றார்.

கிழிக்கவில்லை. ரெஜிஸ்டர் இரும்பு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சாவி என்னிடம்தான். அந்த ஸ்டூலில்தான் நான் உட்காருகிறேன், இன்னும் ஆடவில்லை.

போன மாதம் தணிக்கைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஹூட்டுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தார். 'ஒரு நேரத்தில் ஒரு ஃபிளாஸ்க்.' ரொம்பவே பிடித்துப்போய்விட்டது.

"எளிமையா, அழகா இருக்கே. இந்த விதியை யார் எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன்.